3,914 முறை காட்டிய கை

ஜனவரி 8: 61 கி.மீ., 47
பிப்ரவரி 5: 64 கி.மீ., 39
ஏப்ரல் 1: 72 கி.மீ., 18
ஜூன் 3: 72 கி.மீ., 9
ஆகஸ்ட் 5: 80 கி.மீ., 2
செப்டம்பர் 30: 80 கி.மீ., 0
அக்டோபர் 15: 11 கி.மீ., 0

முதலில் இருப்பது தேதி. அடுத்தது, தானாக ஓடும் கார்களில் நான்காம் எண் கார் அன்று ஓடிய தூரம். கடைசியில் இருப்பது, ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் இயந்திரத்தை நம்பாமல் ஸ்டியரிங்கையோ பிரேக்கையோ தன் வசம் எடுத்துக்கொண்ட முறை. நிறுவனத்தின் வரவேற்பறையில் இந்தக் கடைசி எண்களை மட்டும் வரைபடமாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மாடியிலிருந்து இறங்கும் படிக்கட்டு போல இருக்கும். வந்தவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த இருக்கையில் இருந்தவரைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

பணிப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பதினேழு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அங்கேயே அவருக்குப் பம்பரம் என்று பெயர் விழுந்துவிட்டது. வயது நாற்பத்து நான்கு. உயரம் ஐந்தடி ஓரங்குலம். உட்காரும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு நீலத் திண்டு வைத்துக்கொள்வார். அழைப்பு வராத நேரங்களில் ஆம்புலன்சின் கண்ணாடிகளை ஒரே காலையில் மூன்று தடவை துடைத்தவர் என்று அவருடைய பழைய சகாக்கள் சொல்வார்கள். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். என்னை முதலில் பார்த்த அன்றே அவர் சொன்னார்:

"இவ தூக்கத்துலகூட கிளட்ச் மிதிப்பா சார். வேணும்னா என் முழங்காலைப் பாருங்க."

ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையையும் தூக்க வேண்டும். பதினேழாம் வருடம் பம்பரத்தின் கீழ்முதுகு வட்டு விலகியது. இனி எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நான்கு மாதம் வீட்டில் இருந்தார். அந்த நான்கு மாதத்தில் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு இடம் மாறின. பிறகு, தானாக ஓடும் கார்களின் சோதனைக்கு அனுபவமுள்ள ஓட்டுநர்கள் தேவை என்ற விளம்பரத்தைக் கணவர்தான் கொண்டுவந்து காட்டினார்.

நேர்காணல் நடத்தியவர் முப்பது வயதுகூட ஆகாத இன்ஜினீயர். அவரே எனக்குச் சொன்னது இது.

"உங்களோட பெரிய பலம் என்னன்னு கேட்டேன். 'சீக்கிரம் போறது'ன்னாங்க. இங்க வேலை ஓட்டாம இருக்கறதுங்கன்னு சொன்னேன். 'அதுக்கு எதுக்குத் தம்பி டிரைவர், ஒரு பொம்மையை உக்கார வைங்க'ன்னு எழுந்துட்டாங்க. ஓட்டத் தெரிஞ்சவங்களுக்குத்தான் எப்ப கை வைக்கணும்னு தெரியும்னு சொல்லி உக்கார வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

வேலை இதுதான்: முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைகளும் தொடைமேல். வலது கால் பிரேக்குக்கு மேலே, தொடாமல். கண் சாலையில். பார்வை இரண்டு நொடிக்கு மேல் விலகினால் கூரையில் இருக்கும் சிறு கேமரா 'கீச்' என்று கத்தும். பாட்டு, போன், பேச்சு எதுவும் கூடாது. இயந்திரத்தின் பதிவோடு ஒப்பிட மனிதர் எழுதிய பதிவும் வேண்டும் என்று போக்குவரத்து ஆணையம் நிபந்தனை வைத்திருந்ததால், பின்னிருக்கையில் ஒருவர் படிவமும் அட்டையுமாக உட்கார வேண்டும். நகராட்சியில் சாலைச் சந்திப்புகளில் வண்டி எண்ணும் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டு இருந்தவன் என்பதால் அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

பாதை எட்டு கிலோமீட்டர். ரயில் நிலையத்தில் தொடங்கி, சந்தை, கண் மருத்துவமனை, கல்லூரி வழியாகப் பணிமனை. காரின் கூரையில் ஒரு சிறு உருளை சுழன்றுகொண்டே இருக்கும். அது லேசர் ஒளியை வீசி, சுற்றிலும் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும். கேமராக்கள் அது என்னவென்று பார்க்கும். இரண்டையும் சேர்த்து, அடுத்த சில நொடிகளில் யார் எங்கே போவார்கள் என்று உள்ளிருக்கும் கணினி ஊகிக்கும். அந்த ஊகத்தின் மேல்தான் கார் ஓடியது.

ஜனவரியில் அந்த ஊகம் மிகவும் பயந்த சுபாவத்தோடு இருந்தது. காற்றில் பறந்த பிளாஸ்டிக் பைக்கு நின்றது. முன் வண்டிக்கும் தனக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டது; அந்த இடத்தில் மூன்று பைக்குகள் நுழைந்தன; மீண்டும் இடம் விட்டது. பம்பரத்தின் கால் பெடலுக்கு மேலே துடித்துக்கொண்டே இருக்கும்.

"ஏய், ஏய், என்னத்தைப் பார்த்துட்டு நிக்கிற? போ. போயேன். ஐயோ, இப்ப போகாத!"

பக்கத்தில் வந்த வேன்காரர் கண்ணாடியை இறக்கிக் கத்தினார். "ஏம்மா, ஓட்டத் தெரியலைன்னா எதுக்கு வண்டியை எடுக்கற?"

"நான் ஓட்டலைண்ணே!"

"அப்ப யாரு ஓட்டுறா, பேயா?"

கூரைக் கேமரா கீச் என்றது. முதல் நாள் நாற்பத்தேழு முறை அவர் வண்டியைத் தன் வசம் எடுத்தார். மாலையில் இறங்கும்போது, "பதினேழு வருஷத்துல இப்படிக் களைச்சதில்ல சார். சும்மா இருக்கறதுக்கு இவ்வளவு தெம்பு வேணும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

அதிகம் படுத்தியது கண் மருத்துவமனைக்கு எதிரே இருந்த பாதசாரிக் கோடு. உள்ளே கண்ணில் மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைத்து அனுப்புவார்கள். வெளியே வருபவர்களுக்கு வெயில் கூசும். பக்கத்தில் இருப்பது கலங்கும். கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பார்கள். கார் ஒழுங்காக மூன்று மீட்டர் முன்னாலேயே நிற்கும். அவர்கள் இறங்க மாட்டார்கள். நின்ற வண்டிக்குள்ளே ஒரு முகத்தைத் தேடுவார்கள். அந்த முகம் 'போ' என்று ஒரு சைகை காட்ட வேண்டும். தொடைமேல் கை வைத்துச் சிலை போல இருப்பவரைப் பார்த்து யார் இறங்குவார்கள்? ஆறு நொடி பார்த்துவிட்டு, இவர்களுக்குக் கடக்கும் எண்ணமில்லை என்று கணினி முடிவு செய்யும். கார் மெல்ல ஊரும். சரியாக அதே நொடியில் அவர்களும் துணிந்து காலை வைப்பார்கள். கார் நிற்கும், அவர்கள் பின்வாங்குவார்கள். மறுபடியும் ஆறு நொடி. ஜனவரி 19 அன்று ஒரு தம்பதியும் காரும் இப்படி நான்கு நிமிடம் பத்து நொடி ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் பதினொரு வண்டிகள் ஹாரன் அடித்தன.

பிப்ரவரி 5, காலை 10.40. அதே இடம். ஒரு தாயும் மகளும் ஓரத்தில் நின்றார்கள். பம்பரம் பிரேக்கைத் தொடவில்லை. தொடையிலிருந்து வலது கையை எடுத்து, உள்ளங்கையைத் திறந்து, திரையை விலக்குவது போல ஒரு இழுப்பு இழுத்தார். இருவரும் கடந்துபோனார்கள். மகள் திரும்பி ஒரு சலாம் வைத்தாள். நடக்கும் மனிதர்களைக் கண்டுகொண்ட கார் நிதானமாகக் காத்திருந்து புறப்பட்டது.

"அப்பாடா. இவ்வளவுதான் சார் விஷயம்," என்றார் பம்பரம்.

படிவத்தில் இதை எழுத இடமில்லை. ஓரத்தில் பென்சிலால் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டேன். அன்று மாலைக்குள் அது பதினாறு கோடாகியிருந்தது. வீட்டுக்கு வந்து தனி நோட்டு ஒன்றில் தேதி போட்டு அதை ஏற்றினேன். பிறகு தினமும் அப்படியே.

ஊழியர் கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தில், வெளியில் இருப்பவர்களுக்குக் கையாலோ தலையாலோ கண்ணாலோ சைகை காட்டக்கூடாது என்று இருக்கிறது. காரின் முடிவும் மனிதரின் சைகையும் முரண்பட்டால் ஆபத்து என்பது காரணம். நல்ல காரணம்தான். அந்தப் பக்கத்தில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். அது அவருக்கு நினைவிருந்ததா என்று நான் கேட்கவில்லை. எனக்கு நினைவிருந்தது.

கை பழகிவிட்டது. சந்தை முனையில், கல்லூரி வாசலில், பள்ளிவேன் திரும்பும் சந்தில் என்று எல்லா இடத்திலும் தொடையிலிருந்து எழுந்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்காரும். மருத்துவமனை வாசல் காவலாளி நோயாளிகளிடம், "நாலாம் நம்பர் கார் வருது, தைரியமா இறங்குங்க" என்று சொல்லத் தொடங்கினார். பொதுமக்கள் கருத்தைக் கேட்டு ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்றாம் எண் கார்களை நம்புவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டவில்லை. நான்காம் எண்ணுக்கு எண்பத்தெட்டு.

நான்கும் ஒரே மாதிரிக் கார்கள். இன்ஜினீயர் தலையைப் பிய்த்துக்கொண்டார். ஏப்ரலில் நான்காம் எண்ணின் அமைப்புகளை அப்படியே நகலெடுத்து மற்ற மூன்றிலும் ஏற்றினார்கள். ஒரு மாற்றமும் இல்லை. கூரை உருளைகளை மாற்றினார்கள். அப்போதும் இல்லை. உள்கேமராவின் படம், யாராவது வண்டியைத் தன் வசம் எடுத்தால்தான் சேமிக்கப்படும். கை காட்டும் இடங்களில் பம்பரம்தான் எடுப்பதில்லையே. அதனால் பார்ப்பதற்குப் படமும் இல்லை.

செப்டம்பரில் பம்பரத்துக்கு ஒரு வழி திறந்தது. ஆம்புலன்ஸ் சேவையில் புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தர ஒருவர் தேவைப்பட்டார். ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டியதில்லை. வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும், ஓட்டிக் காட்ட வேண்டும். தேர்வில் முதலாவதாக வந்தார். பயிற்சி மையம் திறக்கச் சில மாதம் ஆகும் என்பதால், பிப்ரவரி 28-க்குள் செல்லுபடியாகும் பயணிகள் வாகன உரிமத்தோடு வந்து சேர வேண்டும் என்று உத்தரவு கொடுத்தார்கள். அதை மடித்து உரிமத்தோடு ஒரே உறையில் வைத்துக்கொண்டார். மதிய இடைவேளையில் உறையைத் திறந்து பார்ப்பார், மூடுவார், எழுந்து காரை ஒரு சுற்று சுற்றி வருவார்.

"போறதுக்கு முன்னாடி இதுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போங்கக்கா," என்று காரைக் காட்டிக் கிண்டல் செய்தார் இன்ஜினீயர்.

"அதுதான் தினமும் சொல்லிக் குடுக்கறேனே தம்பி. மண்டையில ஏறல."

அக்டோபர் 15 அன்று சோதனையின் அடுத்த கட்டம் தொடங்கியது. ஓட்டுநர் இருக்கை காலி. பம்பரம் பக்கத்து இருக்கைக்கு மாறினார். அங்கே பெடல்கள் இல்லை. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு சிவப்புப் பொத்தான். அதன்மேல் வலது உள்ளங்கை எப்போதும் இருக்க வேண்டும். அழுத்தினால் கார் நின்றுவிடும். ஒன்பது மாதமாகப் பிரேக் காலில் இருந்தது, கை சும்மா இருந்தது. இப்போது பிரேக் கைக்கு வந்துவிட்டது. இதற்கு ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

இரண்டாவது நடை. காலை 10.25. கண் மருத்துவமனை வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் தனியாக நின்றார். பூட்டு ரிப்பேர் செய்பவர் என்பது பிறகு தெரிந்தது. கார் மூன்று மீட்டர் முன்னால் நின்றது. அவர் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார், அங்கே யாருமில்லை. நான்கு, ஐந்து என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பம்பரத்தின் வலது கை பொத்தானிலிருந்து எழுந்தது. வழக்கமான இழுப்பு. நின்றவர் காலை வைத்தார். ஆறாவது நொடி முடிந்து கார் ஊர்ந்தது.

கை பொத்தானுக்குத் திரும்புவதற்குள் கார் தானே நின்றுவிட்டது. அவருக்கும் காருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர். ஆனால் அவர் தூக்கிவாரிப் போட்டுப் பின்னால் துள்ளினார். குதிகால் நடைபாதை விளிம்பில் தட்டியது. இடது மணிக்கட்டின் மேல் விழுந்தார்.

நான் பேனா மூடியைத் திறப்பதற்குள் பம்பரம் அவரருகே மண்டியிட்டிருந்தார். "சார், அட்டையைக் குடுங்க!" படிவம் செருகியிருந்த என் எழுத்து அட்டையை வாங்கி, அந்தக் கைக்கு அணையாக வைத்து, தன் துப்பட்டாவால் கட்டினார். "அசைக்காதீங்கண்ணே. விரலை மட்டும் ஆட்டுங்க. ஆடுதா? நல்லது. தப்பு என்னோடது." அன்றைய படிவம் அந்தக் கையோடு எலும்பு மருத்துவமனைக்குப் போய்விட்டது. மாலையில் நான் போய் வாங்கி வந்தேன்.

மறுநாள் பம்பரம் தற்காலிகப் பணி நீக்கம் செய்யப்பட்டார். போக்குவரத்து ஆணையம் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு விசாரணைக்குத் தேதி குறித்தது: டிசம்பர் 3. கார் சரியாகவே செயல்பட்டது, பணியாளரின் சைகையே விபத்துக்குக் காரணம், எனவே பயணிகள் வாகன உரிமத்தை ரத்து செய்யலாம் என்று நிறுவனம் அறிக்கை கொடுத்தது.

ஒரு வாரம் கழித்து இன்ஜினீயர் பம்பரத்தின் வீட்டுக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். நல்ல மனிதர், உதவத்தான் வந்தார்.

"அக்கா, பெரியவங்ககிட்ட பேசிட்டேன். புது சீட்டு, முதல் நாள் பதற்றம், ஒரே ஒரு தடவை கை தவறிப் போச்சுன்னு எழுதிக் குடுத்திருங்க. நாங்க ரத்து கேக்க மாட்டோம். எச்சரிக்கையோட விட்டுருவாங்க. ஜனவரியில மருத்துவமனை ரூட்ல ஆளே இல்லாம வண்டி விடப் போறோம், அதுக்குள்ள இது முடியணும்."

"ஒரே தடவையா?"

"ஆமாக்கா. அதுக்கு முன்னாடி செஞ்சதா எங்கயும் பதிவே இல்லையே."

அவர் போன பிறகு கணவர் சொன்னார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒரு தடவைன்னு எழுது, உரிமம் வரும், ஆம்புலன்ஸுக்குப் போ. லிஃப்ட்லயும் அந்தக் காலத்துல ஒருத்தன் ஸ்டூல் போட்டு உக்காந்துட்டிருந்தான். அப்புறம் எழுந்து போயிட்டான். ஜனங்க பழகிட்டாங்க."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா என்னைக் கூப்பிடுவாங்க."

"நடு ரோட்டுல நிக்கறவங்க யாரைக் கூப்பிடுவாங்க?"

கணவர் டீயை எடுத்துக் குடித்தார்.

அடுத்த நாட்களில் பம்பரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று நாளில் வீட்டிலுள்ள எல்லாத் திருகுகளையும் இறுக்கி முடித்தார். நான்காம் நாள் பூட்டுக்காரரின் கடைக்குப் போனார். ஒற்றைக் கையால் அவரால் சாவி அராவ முடியவில்லை, இவர் பிடித்துக்கொண்டார். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாத நேரத்தில் ஆணியில் தொங்கிய சாவிகளைத் துடைத்து அடுக்கினார். "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நாப்பது வருஷமா கண்ணை மூடிட்டு எடுத்த சாவி, இன்னைக்கு ஒண்ணும் கையில சிக்கல," என்று அவர் கெஞ்சினார்.

அங்கிருந்து கண் மருத்துவமனை வாசல் நூறு அடிதான். காலை பத்து மணிக்கு அங்கே போய் நிற்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்றாம் எண் கார்கள் வந்தன. பணியாளர்கள் விதிப்படி பொத்தான்மேல் கை வைத்து அசையாமல் இருந்தார்கள். கார்கள் சரியாக நின்றன. ஓரத்தில் நின்றவர்கள் காலி இருக்கையைப் பார்த்தார்கள், காலை வைத்தார்கள், கார் ஊர்ந்தது, பின்வாங்கினார்கள். ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெண் மூன்று தடவை இறங்கி ஏறினார். கடைசியில் கடக்காமலே உள்ளே திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பம்பரம் உள்ளே போய் அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து கடக்க வைத்தார். அதற்குள் வேறு நான்கு பேர் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் கை காட்டினார்.

"வண்டியை விட்டு இறங்கியும் அதே வேலையாக்கா?" என்றார் காவலாளி.

"ஜனவரியிலேருந்து இதுக்குள்ள ஆளே இருக்காதாம்ணே."

"யார் சொன்னா சரின்னு? எவனாவது வந்து இங்க நின்னு பார்த்தானா?"

"பார்க்க வேணாம்னு நினைச்சுட்டாங்க. என் வண்டிக் கணக்கைக் காட்டித்தான் அனுமதி வாங்கியிருக்காங்க."

நவம்பர் 11 அன்று என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், நான் கை காட்டும்போதெல்லாம் பின்னாடி பென்சில் சத்தம் கேக்கும். அந்தக் கோடு மொத்தம் எத்தனை?"

"பிப்ரவரி அஞ்சுலேருந்து அக்டோபர் பதினாலு வரைக்கும் நூத்தி எண்பத்தேழு வேலை நாள். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூணு. பதினஞ்சாம் தேதி ஒண்ணு."

"அம்மாடி." உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவு தப்பையும் ஒருத்தர் உக்காந்து எண்ணியிருக்காரே!" சிரிப்பு நின்றது. "இதைக் குடுத்தா உரிமம் போயிடும், இல்ல?"

"போகலாம். ஒரு தடவைங்கறது கைதவறல். இது வழக்கம். அதிகாரி அப்படித்தான் பார்ப்பாங்க."

"குடுக்கலைன்னா?"

"நாலாம் நம்பர் காருக்கு யாரும் தேவைப்படலைன்னு அந்த வரவேற்பறைப் படம் சொல்லிட்டே இருக்கும்."

எழுந்து ஜன்னல்வரை போனார், வந்தார், மறுபடியும் போனார். அன்று அவர் முடிவு சொல்லவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. "நோட்டைக் குடுத்திருங்க சார். நான் மனசு மாறிப் பேசினாலும் குடுத்திருங்க." அதன் பிறகு இரண்டு தடவை மனசு மாறிப் பேசினார்: நவம்பர் 17, நவம்பர் 29. இரண்டு தடவையும் அரை மணி நேரத்துக்குள் மறுபடியும் கூப்பிட்டு, முதலில் சொன்னதையே சொன்னார்.

விசாரணை, போக்குவரத்து ஆணையத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. அதிகாரி ஒரு பெண்மணி. மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஸ்டேப்ளரையும் தண்ணீர் டம்ளரையும் அவற்றின்மேல் வைத்திருந்தார். என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"விதி தெரியுமா உங்களுக்கு?" என்று பம்பரத்தைக் கேட்டார்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன் மேடம்."

"தெரியுமான்னு கேட்டேன்."

"படிச்சேன். மறந்துட்டேன். மறந்தது வசதியா இருந்துச்சு."

"நிறுவனம் ஒரு தடவைங்கறாங்க. நீங்க மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்ங்கறீங்க. தன் தப்பைக் கூட்டிச் சொல்றவங்களை இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

"ஒண்ணுன்னு சொன்னா மத்ததெல்லாம் அந்தக் காரே செஞ்சதா ஆயிடும் மேடம். அது செய்யல. அது நின்னுச்சு, அதைக் குறை சொல்லல. என்னைவிட ஒழுங்கா நின்னுச்சு. ஆனா, உனக்காகத்தான் நிக்கறேன், நீ போன்னு எதிர்ல இருக்கறவங்களுக்குச் சொல்ல அதுக்குத் தெரியல. அதை நான் சொன்னேன். அது கணக்குல வரல."

நிறுவனத்தின் பக்கம் உட்கார்ந்திருந்த இன்ஜினீயர் கையை நீட்டி நோட்டை வாங்கினார். ஏப்ரல் பக்கத்தில் விரல் நின்றது.

"அக்கா, ஏப்ரல்ல உங்க வண்டி செட்டிங்கை மூணு வண்டிக்கும் காப்பி பண்ணோமே."

"ஆமா தம்பி."

"கூரை உருளையெல்லாம் மாத்தினோம்."

"மாத்தினீங்க. நான்கூட எதுக்குன்னு கேட்டேன்."

அதிகாரி டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். காகிதங்கள் பறந்தன. எல்லோரும் குனிந்து பொறுக்கினோம். பூட்டுக்காரர் மட்டும் மாவுக்கட்டுக் கையோடு நின்றார். அவரிடம், யார்மேல் புகார் என்று அதிகாரி கேட்டார்.

"யார்மேல சொல்றது மேடம்? இந்தம்மா கூப்பிட்டாங்க, நான் இறங்கினேன். வண்டி அசைஞ்சுது, நான் விழுந்தேன். வண்டி என்மேல படவே இல்லைன்னு படம் போட்டுக் காட்டுறாங்க. சரி, படல. ஆனா இனிமே உள்ள யாருமே இருக்க மாட்டாங்கன்னா, நான் யார் மூஞ்சியைப் பார்த்து ரோட்டைத் தாண்டறது? அதை மட்டும் எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள்.

அதன் பிறகு கடிதங்கள். டிசம்பர் 16 அன்று நிறுவனத்திலிருந்து முதல் கடிதம்: பம்பரத்தின் பணி முடிக்கப்பட்டது. ஜனவரி 6 அன்று ஆணையம் நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் எனக்கு வந்தது: கண் மருத்துவமனை வழியில் ஆளில்லாமல் ஓட்ட அனுமதி நிறுத்தி வைக்கப்படுகிறது, பாதசாரியைக் கண்டுகொண்டதைக் கார் வெளியே தெரியும்படி காட்டும் வகை செய்து, அதை அந்த நோயாளிகளை வைத்தே சோதித்துக் காட்ட வேண்டும். வரவேற்பறைப் படத்தைக் கழற்றிவிட்டதாக இன்ஜினீயர் போனில் சொன்னார். குரல் சோர்ந்திருந்தது. கார் முகப்பில் பச்சை விளக்குப் பட்டை ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். "கண் கூசுதுன்னு எல்லாரும் திரும்பிக்கறாங்க சார்," என்றார்.

உரிமம் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆம்புலன்ஸ் சேவைக்குப் பம்பரம் மூன்று தடவை போனார். பிப்ரவரி 28-க்கு மேல் ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது, அடுத்த பெயர் தயாராக இருக்கிறது என்றார்கள். ஆணையத்துக்கு ஏழு தடவை போனார்; தபாலில் வரும் என்றார்கள். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே இவர் படியிறங்கிவிடுவார். "உங்களுக்காகவே ஒரு கடிதம் நானே எழுதிக் கொண்டாரேன், விடுங்கம்மா" என்று அவர் ஒரு நாள் சலித்துக்கொண்டார். விசாரணை முடிந்து எழுபத்தாறு நாள் இப்படிப் போயிற்று.

எழுபத்தாறாம் நாள் உறை வந்தபோது பம்பரத்தால் அதைப் பிரிக்க முடியவில்லை. கணவர்தான் ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தைக் கிழித்துப் படித்தார். ரத்துக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. விதியை 3,914 முறை மீறியதற்காகவும் அதில் ஒரு முறை ஒருவருக்குக் காயம் ஏற்பட்டதற்காகவும் உரிமம் 120 நாட்களுக்கு நிறுத்திவைக்கப்படுகிறது. நிறுத்தம் அக்டோபர் 15 முதல் கணக்கிடப்படும். உரிமம் கடிதத்தின் பின்னால் குண்டூசியால் இணைக்கப்பட்டிருந்தது. கையெழுத்திட்ட தேதி ஜனவரி 29.

உடனே எனக்குப் போன் வந்தது. "சார், அக்டோபர் பதினஞ்சுலேருந்து நூத்தி இருபது நாள் என்னைக்கு முடியுது?"

"பிப்ரவரி பதினொண்ணு."

"அப்ப பன்னெண்டாம் தேதியிலேருந்து நான் ஓட்டலாமா?"

"ஓட்டலாம்."

"அஞ்சு நாள்! அஞ்சு நாள் சும்மா உக்காந்திருந்தேனா சார்?"

பதில் சொல்வதற்குள் போனைக் கணவர் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். "பஸ்ஸுக்குக்கூட நிக்கல சார், நடந்தே போறா," என்றார் கணவர். ஆம்புலன்ஸ் சேவை அலுவலகம் அங்கிருந்து இரண்டேகால் கிலோமீட்டர். உறை எத்தனை மணிக்குக் கைக்கு வந்தது என்று கேட்டேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்.

பிப்ரவரி 17, திங்கள், காலை 11.20.